வீட்டில் மழைநீர் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு மழைநீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முதல் ஏழெட்டுக் கேள்விகளை வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் அவற்றை நம்பியே எழுதப்பட்டவை.

1. எங்க மாடி ரொம்பச் சின்னது. இதுல அப்படி என்ன தண்ணி கிடைச்சிடப் போகுது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதில் 20 மி.மீ. மழை பெய்தால் 1,860 லிட்டர் விழுகிறது. தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, சிதறுவது எல்லாம் போக, கான்கிரீட் மாடியில் 80 சதவீதம் குழாய்க்கு வரும் என்று கணக்கிடலாம். அதாவது ஒரே மழையில் ஏறக்குறைய 1,500 லிட்டர். தகரக் கூரையில் இன்னும் கூடுதலாக, 90 சதவீதம் வரை வரும். ஓட்டுக் கூரையில் சற்றுக் குறையும்.

சாய்வான கூரையை அளக்கும்போது சாய்வின் நீளத்தை எடுக்காதீர்கள். கூரை தரையில் எவ்வளவு பரப்பை மூடுகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் பகுதியின் சராசரி ஆண்டு மழை 1,000 மி.மீ. என்றால், அதே 93 சதுர மீட்டர் மாடி ஆண்டுக்குச் சுமார் 74,000 லிட்டர் தரும்.

2. தொட்டியில பிடிக்கிறதா, மண்ணுக்குள்ள விடுறதா? எது நல்லது?

இரண்டும் வேறு வேறு வேலைகள். தொட்டித் தண்ணீர் உடனே கைக்கு வரும், அதன் தரமும் உங்கள் பொறுப்பில் இருக்கும். மண்ணுக்குள் விட்ட தண்ணீர் நிலத்தடி நீரோடு சேர்ந்து நகரும். அது உங்கள் கிணற்றுக்கே வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த வட்டாரத்துக்கே பயன்படும். முதலில் தொட்டி, தொட்டி நிரம்பி வழிவது குழிக்கு என்று அமைத்தால் ஒரு சொட்டும் தெருவுக்குப் போகாது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரி.

களிமண் நிலமாகவோ, மழைக்காலத்தில் இரண்டு மூன்று அடியிலேயே நீர் ஊறும் இடமாகவோ இருந்தால் குழியை மறந்துவிட்டுத் தொட்டியோடு நிறுத்துங்கள்.

3. என்னென்ன சாமான் வேணும்? வரிசையா சொல்லுங்க.

தண்ணீர் போகும் வழியிலேயே போவோம். மாடித் தூம்பின் வாயில் குவிந்த வடிவக் கம்பிச் சல்லடை. தட்டையானது வேண்டாம், ஒரு பெரிய இலை விழுந்தாலே அடைத்துக்கொள்ளும். சாய்வுக் கூரையானால் விளிம்பில் மாட்டும் தகர அல்லது பிவிசி பீலி. அதற்குக் கீழே இறங்குகுழாய். இறங்குகுழாயிலிருந்து ஒரு டீ (மூன்று வாய் கொண்ட குழாய் இணைப்பு) பிரிந்து, முதல் தண்ணீரைக் கழிக்கும் குழாய். அதைத் தாண்டி 1 மி.மீ. அல்லது அதைவிட நுண்ணிய துருப்பிடிக்காத எஃகு வலை. பிறகு தொட்டி, வழிகுழாய், வழிந்த நீருக்கான குழி.

இதில் பலர் விட்டுவிடுவது இரண்டு: முதல் தண்ணீரைக் கழிக்கும் குழாயும் வழிகுழாயும். வடிகட்டிக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை இந்த இரண்டுக்கும் கொடுத்தால் தொட்டியில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வராமலே போகும்.

4. எத்தனை இன்ச் குழாய் போடணும்? ஒண்ணு போதுமா?

மணிக்கு 100 மி.மீ. என்ற வேகத்தில் கொட்டும் மழைக்கு, 75 மி.மீ. (3 இன்ச்) குழாய் ஒன்று சுமார் 20 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும். 110 மி.மீ. (4 இன்ச்) குழாய் சுமார் 40 சதுர மீட்டரைத் தாங்கும். எனவே 93 சதுர மீட்டர் மாடிக்கு 4 இன்ச் குழாய் மூன்று தேவை. குறைத்தால் மழை உச்சத்தில் இருக்கும்போது மாடியில் தண்ணீர் தேங்கும். கைப்பிடிச் சுவர் இருக்கும் மாடியில் அந்தத் தண்ணீர் தளத்தின் விரிசல் வழியாக வீட்டுக்குள் இறங்கும்.

தளத்தின் வாட்டம் தூம்பை நோக்கி மீட்டருக்கு 1 செ.மீ.யாவது இருக்கட்டும். பீலிக்கு மீட்டருக்கு 5 முதல் 10 மி.மீ. போதும். வளைவுகளில் 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 டிகிரி இரண்டு போட்டால் இலை சிக்காது, அடைப்பு எடுப்பதும் சுலபம். வெயில் படும் பிவிசி குழாய்க்குப் பெயின்ட் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்.

5. முதல் மழையை விட்டுடணும்னு சொல்றாங்களே, முழு மழையையுமா விடணும்?

முழு மழையையும் விட வேண்டியதில்லை. ஒவ்வொரு மழையிலும் கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீரை மட்டும் விட்டால் போதும். தூசு, பறவை எச்சம், காய்ந்த இலைத்தூள் எல்லாம் அதில்தான் வரும். பொதுவாக அரை மி.மீ. முதல் 2 மி.மீ. மழைக்குச் சமமான நீரைக் கழிப்பார்கள். நல்ல சுத்தமான கூரைக்கு அரை மி.மீ., மரத்தடிக் கூரைக்கோ புழுதிச் சாலையோர வீட்டுக்கோ 2 மி.மீ. நடுவாக 1 மி.மீ. என்று எடுத்தால், 93 சதுர மீட்டருக்கு 93 லிட்டர். மூன்று இறங்குகுழாய்களும் தனித்தனியே வந்தால் ஒவ்வொன்றுக்கும் 31 லிட்டர்.

அதைப் பிடிக்க ஒரு செங்குத்துக் குழாய் போதும். 110 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 8.5 லிட்டர் பிடிக்கும், 160 மி.மீ. குழாயில் சுமார் 18 லிட்டர். ஆக, 31 லிட்டருக்கு 160 மி.மீ. குழாய் 1.75 மீட்டர் நீளம் வேண்டும். இறங்குகுழாயில் டீ போட்டு, அதன் நேர்வாயில் இந்தக் குழாயைக் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். பக்கவாய் தொட்டிக்குப் போகும். குழாயின் மேல்வாயை ஒரு ரெடியூசரால் குறுக்கி, அதற்குக் கீழே ஒரு மிதக்கும் பந்தைப் போட்டால், குழாய் நிறைந்ததும் பந்து மேலே வந்து வாயை அடைக்கும். அதன் பிறகு வரும் நல்ல தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும்.

அடியில் திருகுமூடி போட்டு, அதில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று இடுங்கள். மழை நின்ற பிறகு அந்த ஓட்டை வழியாகக் குழாய் தானே சொட்டி வடிந்து அடுத்த மழைக்குக் காலியாகிவிடும். இந்த ஓட்டை அடைத்துக்கொள்வதுதான் இந்த அமைப்பின் மிகப் பெரிய பலவீனம். அடைத்தால் குழாய் நிறைந்தே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேராகத் தொட்டிக்குப் போகும், வெளியே எதுவும் தெரியாது. ஆகவே மூடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கழற்றி அலசுங்கள். பந்துக்குப் பதில் கையால் திறக்கும் வால்வு போடலாமா என்றால், போடலாம். ஆனால் நள்ளிரவு மழைக்கு யாராவது எழுந்து போய்த் திருப்ப வேண்டும்.

6. எல்லாரும் மணல், ஜல்லி போட்டு ஃபில்டர் கட்டறாங்க. எங்களுக்கும் அது கட்டாயமா?

செடிக்கும் கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் என்றால் கட்டாயமில்லை. ஐந்தாம் பதிலில் சொன்ன குழாயும் நுண்வலையும் இருந்தால், மீதித் தூசு தொட்டியின் அடியில் தானே படிந்துவிடும்.

கட்டுவதானால் பரப்பைக் கவனியுங்கள். அடியில் 20 முதல் 40 மி.மீ. கூழாங்கல், நடுவில் 6 முதல் 10 மி.மீ. ஜல்லி, மேலே 1.5 முதல் 2 மி.மீ. பெருமணல், ஒவ்வொன்றும் 15 முதல் 20 செ.மீ. கனம். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். சுத்தமான பெருமணல் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 5,000 முதல் 10,000 லிட்டர் வரை விடும். 200 லிட்டர் பேரலில் கட்டிய வடிகட்டியின் பரப்பு கால் சதுர மீட்டர்தான். கனமழையில் 93 சதுர மீட்டர் மாடியிலிருந்து மணிக்கு 7,000 லிட்டருக்கு மேல் வரும்போது அது தாங்காது, மேலே வழிந்து வீணாகும். வடிகட்டி என்பது அழுக்கை எடுக்கும், கிருமியைக் கொல்லாது. இடையில் அடுப்புக்கரி போடும் பழக்கம் உண்டு. அது சீக்கிரமே பயனிழந்து, மாற்றாமல் விட்டால் கிருமிகள் தங்கும் இடமாகிவிடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

7. எவ்வளவு பெரிய தொட்டி வைக்கணும்?

எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள், மழையில்லாத நாள்கள் தொடர்ந்து எத்தனை, இந்த இரண்டையும் பெருக்குங்கள். நான்கு பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர், 120 நாள் வறட்சி என்றால் 2,400 லிட்டர். அதே நான்கு பேர் எல்லாத் தேவைக்கும் ஆளுக்கு 100 லிட்டர் என்றால் 48,000 லிட்டர். இரண்டாவது பெரும்பாலான வீடுகளில் இடத்துக்கே பொருந்தாது. மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் இடத்தில் சிறிய தொட்டியே பலமுறை நிரம்பிக் காலியாகும், அங்கே பெரிய தொட்டி வீண்.

முடிவு செய்ய முடியாவிட்டால் 2,000 அல்லது 3,000 லிட்டரில் தொடங்குங்கள். வெளிக்குழாயில் ஒரு டீயும் வால்வும் இப்போதே விட்டுவைத்தால் இன்னொரு தொட்டியைப் பிறகு இணைக்கலாம். 2,000 லிட்டர் தண்ணீரின் எடை 2 டன் என்பதை மறக்க வேண்டாம். அடித்தளம் கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும்.

8. தரைக்கு மேல வைக்கிறதா, சம்ப் மாதிரி கீழ கட்டுறதா?

இடம் இருந்தால் மேலேதான். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், கழுவுவது எளிது, மோட்டார் இல்லாமலே குழாயில் தண்ணீர் வரும். சம்ப் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் இருக்கும், இடத்தை அடைக்காது. ஆனால் அதில் விரிசல் விட்டால் உள்ளிருக்கும் நீர் வெளியேறுவது மட்டுமல்ல, வெளியே இருக்கும் கழிவு நீர் உள்ளேயும் வரும். நீர்மட்டம் உயரும் இடங்களில் காலியான பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்திருந்தால் அது மேலே கிளம்பிவிடும். சம்பின் மூடிவாய் தரைமட்டத்தை விட 15 செ.மீ.யாவது உயர்ந்திருக்கட்டும்.

9. தொட்டிக்குள்ள குழாயை மேலேருந்து கொட்ட விட்டாப் போதாதா?

கொட்டினால் அடியில் படிந்த கசடு கலங்கி மேலே வரும். குழாயை அடிவரை இறக்கி, நுனியில் இரண்டு எல்போ போட்டு வாயை மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள். வேகம் குறைந்து தண்ணீர் அமைதியாக ஏறும். எடுக்கும் குழாய் அடியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அடிமட்டத்தில் கசடு வெளியேற்றத் தனியே ஒரு வால்வு வையுங்கள்.

வழிகுழாய் உள்ளே வரும் குழாயின் அளவுக்குக் குறையக்கூடாது. மூன்று 4 இன்ச் குழாய் உள்ளே வந்து ஒரு 2 இன்ச் குழாய் வெளியே போனால், கனமழையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். வழிகுழாயின் வாய்க்கும் வலை கட்டுங்கள். அதன் நீர் வீட்டு அஸ்திவாரத்தின் ஓரத்திலோ பக்கத்து வீட்டு எல்லையிலோ விழக்கூடாது.

10. மூடி வச்ச தண்ணி எத்தனை நாளைக்குக் கெடாம இருக்கும்? புழு வைக்குமே?

வெளிச்சம், இலை அழுக்கு, திறந்த வாய் இந்த மூன்றும் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். புழு என்பது கொசுவின் புழு. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாளே போதும். காற்றுக்குழாய், வழிகுழாய், மூடியின் இடுக்கு எல்லாவற்றிலும் 1 மி.மீ.க்கு மேற்படாத வலை இருந்தால் கொசுவால் உள்ளே போய் முட்டையிட முடியாது. பெரும்பாலும் மூடியின் இடுக்கில்தான் கோட்டை விடுகிறார்கள்.

11. இதைக் குடிக்கலாமா? நேரடியாகவா, காய்ச்சியா?

நேரடியாக வேண்டாம். தெளிவாகத் தெரிந்தாலும் பறவை எச்சத்தின் கிருமிகள் அதில் இருக்கலாம். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம். குடிநீர் அளவு குறைவாகையால் காய்ச்சுவதே நம்பகமான வழி.

தொட்டி முழுவதற்கும் குளோரின் போட வேண்டுமானால், நறுமணம் எதுவும் சேர்க்காத 12.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 1,000 லிட்டருக்கு 40 மில்லி, 24 மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். 5 சதவீதக் கரைசலானால் 100 மில்லி. கலங்கிய நீரில் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். முதலில் தெளிய விடுங்கள். குளோரின் போட்டும் வாசம் துளிகூட இல்லையென்றால் அது முழுவதும் அழுக்கிலேயே செலவாகிவிட்டது என்று பொருள்.

12. எங்க கூரை ஆஸ்பெஸ்டாஸ். இன்னொரு பக்கம் பழைய தகரம். பரவாயில்லையா?

துருப்பிடிக்காத தகரம் நல்ல கூரைதான், வெயிலின் சூடு அதில் கிருமியையும் குறைக்கும். தார் பூசிய கூரை, ஈயத் தகடு வைத்து ஒட்டிய கூரை, ஈயம் கலந்த பெயின்ட் அடித்த கூரை இவற்றின் நீர் குடிக்க உதவாது. ஆஸ்பெஸ்டாஸ் பழசாகிப் பொடிய ஆரம்பித்திருந்தால் அந்த நீரைச் செடிக்கும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேய்த்துக் கழுவவோ அறுக்கவோ துளையிடவோ கூடாது, அதன் தூள் நுரையீரலுக்குப் போவதுதான் ஆபத்து.

13. மாடியில துணி துவைக்கிறோம், நாய் வளர்க்கிறோம், தொட்டிச் செடியும் இருக்கு. அந்தத் தண்ணியும் இதே குழாய்லதானே போகும்?

போகும், போகக்கூடாது. சோப்பையும் நாயின் கழிவையும் கரைந்த உரத்தையும் எந்த வடிகட்டியாலும் நீக்க முடியாது. மாடியின் ஒரு மூலையில் தனித் தூம்பும் தனிக் குழாயும் வைத்து, அந்தப் பகுதியை 5 செ.மீ. உயர வரம்பு கட்டிப் பிரித்துவிடுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் இறங்குகுழாயில் திசைமாற்றி வால்வு ஒன்று போட்டு, மழைக்காலம் முழுவதும் மாடியில் அந்த வேலைகளை நிறுத்த வேண்டியதுதான்.

14. மண்ணுக்குள்ள விடுற குழி எவ்வளவு ஆழம் வேணும்?

முதலில் மண் குடிக்கிறதா என்று பாருங்கள். 30 செ.மீ. நீள அகல ஆழத்தில் ஒரு சிறு குழி வெட்டி, ஓர் இரவு தண்ணீர் நிறைத்து ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிறைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளங்கள். 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் நல்லது. 10 மி.மீ.க்குக் கீழே என்றால் அந்த இடத்தில் குழி பயன்தராது.

ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளம், 2 மீட்டர் ஆழம் சாதாரணம். அடியில் பெரிய கற்கள், மேலே ஜல்லி, அதன் மேல் பெருமணல். ஆனால் கல் நிரப்பிய குழியில் இடைவெளி சுமார் 40 சதவீதம்தான். 2,000 லிட்டர் குழி 800 லிட்டரே பிடிக்கும். ஓட்டையிட்ட சிமெண்டு உறைகளை இறக்கி உள்ளே வெறுமையாக விட்டால் முழு அளவும் கிடைக்கும், வண்டலை வாரி எடுக்கவும் முடியும். மேலே கனமான மூடி போடுவதைத் தவறவிடாதீர்கள், குழந்தைகள் விழும் ஆபத்து உண்டு. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளுங்கள், செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழியிலிருந்து 15 மீட்டர் தள்ளுங்கள்.

15. கிணத்துலயோ போர்லயோ நேராவே விட்டுட்டா வேலை முடிஞ்சதே?

திறந்த கிணற்றுக்கு விடலாம், கூரை நீரை மட்டும், முதல் தண்ணீரைக் கழித்து, வடிகட்டி வழியாக. குழாயின் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். உயரத்திலிருந்து விழுந்தால் கிணற்றின் பக்கச்சுவர் கரையும், காற்றுக்குமிழ்களும் உள்ளே போய் ஊற்றுக்கண்களை அடைக்கும். தெருத் தண்ணீரையோ வாசல் கழுவிய தண்ணீரையோ ஒருபோதும் விடாதீர்கள்.

ஆழ்துளைக் கிணறு வேறு. மண்ணடுக்குகள் இயற்கையாகச் செய்யும் வடிகட்டலைத் தாண்டி, நீங்கள் விடும் அழுக்கு நேராக ஆழ்நீருக்குப் போய்விடும். அதை மீட்டெடுக்க வழியில்லை, பக்கத்து வீட்டாரும் அந்த நீரைத்தான் எடுக்கிறார்கள். பயன்பாட்டில் உள்ள போரில் வண்டல் மோட்டாரையும் கெடுக்கும். போருக்கு அருகே 14-ஆம் பதிலில் சொன்ன குழியை வெட்டி, மண் வழியாக ஊறவிடுங்கள்.

16. குழி வெட்டினோம், ரெண்டு வருஷம் நல்லா இறங்குச்சு. இப்ப தண்ணி நிக்குதே?

மணலின் மேல் வண்டல் படலம் அடைத்திருக்கும். மேல் 5 முதல் 10 செ.மீ. மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போடுங்கள். உறைக்குழியானால் அடியில் படிந்ததை வாருங்கள். குழிக்கு முன்னால் ஓர் அடி ஆழத்தில் சிறிய வண்டல் தொட்டி கட்டினால் இது அடிக்கடி வராது. தொடக்கத்திலிருந்தே இறங்கவில்லை என்றால் காரணம் வேறு: ஈரக் களிமண்ணில் வெட்டும்போது மண்வெட்டி சுவரை வழவழப்பாகப் பூசிவிடும். சுவரைக் கீறிச் சொரசொரப்பாக்குங்கள்.

17. தொட்டித் தண்ணி அழுகின முட்டை மாதிரி நாறுது. சில சமயம் பச்சையா, சில சமயம் டீ நிறமா இருக்கு.

முட்டை நாற்றம் என்றால் அடிக்கசடு காற்றின்றி அழுகுகிறது. அடிவால்வைத் திறந்து கசடை வெளியேற்றுங்கள், குளோரின் மட்டும் ஊற்றினால் திரும்ப வரும். பச்சை என்றால் வெளிச்சம் நுழைகிறது. வெளிர்நிறத் தொட்டியானால் மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து, அதன் மேல் வெள்ளை அடியுங்கள். டீ நிறம் என்றால் இலைச்சாறு. மாடியிலோ பீலியிலோ இலை ஊறிக் கிடக்கிறது.

கழுவ இறங்குகிறவர்களுக்கு ஒரு கட்டாய எச்சரிக்கை: மூடிய தொட்டியில் உயிர்வாயு இல்லாமல் போகலாம், விஷவாயுவும் இருக்கலாம். கூடியவரை வெளியிலிருந்தே கழுவுங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவதில்தான் பல உயிர்கள் போகின்றன.

18. பொதுக் குழாய்த் தண்ணி வர்ற லைன்லயே இதையும் சேர்த்துடலாமா?

கூடாது. பொதுக் குழாயில் அழுத்தம் குறையும்போது உங்கள் மழைநீர் பின்னோக்கிப் போய் ஊருக்கே பரவும். நடுவில் ஒரு வால்வு போட்டுப் பூட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், வால்வு கசியும். பொதுக் குழாய் நீரை மழைநீர்த் தொட்டிக்குள் விட வேண்டுமானால், குழாயின் நுனி தொட்டியின் வழிமட்டத்துக்கு மேல் காற்றில் தொங்கும்படி வையுங்கள். மழைநீர்க் குழாய்களுக்கு வேறு நிறம் அடித்து, வெளிக்குழாயில் ‘குடிக்க அல்ல’ என்று எழுதுங்கள்.

19. வருஷத்துக்கு என்னதான் வேலை இருக்கும்?

மழைக்காலத்துக்கு இரண்டு வாரம் முன்பு மாடியைப் பெருக்கி, பீலியைக் கழுவி, வலைகளில் ஓட்டை பார்த்து, இறங்குகுழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓட்டத்தைச் சோதியுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சல்லடையும் திருகுமூடியும். தொட்டியின் அடிக்கசடை ஆண்டுக்கு ஒருமுறை வால்வு வழியாக வெளியேற்றுங்கள். முழுக் கழுவல் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும், கசடு குறைவாக இருந்தால் அதற்கும் அவசரமில்லை.

20. வீடு கட்டி ரொம்ப நாளாச்சு. மாடித் தண்ணி எந்தக் குழாய்ல எங்க போகுதுன்னே தெரியல. எப்படி ஆரம்பிக்கிறது?

ஒவ்வொரு தூம்பிலும் வேறு வேறு நிறம் கரைத்த தண்ணீரை ஒரு குடம் ஊற்றி, கீழே எங்கே வருகிறது என்று பாருங்கள். சில பழைய வீடுகளில் மாடித் தூம்பும் குளியலறைக் கழிவும் ஒரே குழாயில் சேர்ந்திருக்கும். அப்படியானால் அந்தக் குழாயை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. மாடியிலேயே அந்தத் தூம்பை அடைத்து, வெளிச்சுவரில் புதுக் குழாய் இறக்குங்கள். சேராத குழாய் சுவருக்கு வெளியே ஓடினால், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் அறுத்து அங்கே டீயைப் பொருத்தலாம், மீதி எல்லாம் மூன்றாம் பதிலின் வரிசைப்படி. குழாய் சுவருக்குள்ளேயே பதிந்திருந்தால் தரைமட்டத்தில் வெளிவரும் இடத்தில்தான் பிடிக்க முடியும். அப்போது தொட்டி தரைக்குக் கீழே இருந்தாக வேண்டும். அந்த ஒரு நிலையில் மட்டும் சம்பே சரி.